தொண்ணூறு

பல் தேய்ப்பதற்கு முன்பே பாப்பா செல்போனைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு. முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். அதே தொண்ணூற்றிரண்டு. குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் இன்னொரு முறை பார்த்தாள். தொண்ணூற்றொன்று. அந்த எண் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் மாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன செய்ய? மனசு இருப்புக் கொள்ளாமல் தவிக்கும்போது கை தானாகப் போனைத் தேடுகிறது.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்தொன்று. காதோரம் நரை எட்டிப் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அண்ணன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், இன்றுவரை நிறுத்தவில்லை. வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவள். அண்ணனுடைய சலவை ஆலையில் பன்னிரண்டு வருடமாக லேப் வேலை. அங்கே தொழிலாளர்களுக்கு அவள் லேப் அக்கா.

சலவை ஆலை என்றால் அழுக்குத் துணி வெளுக்கிற இடம் இல்லை. தைத்து வருகிற புத்தம்புது ஜீன்ஸைக் கல்லையும் மருந்தையும் போட்டுப் புரட்டிப் பழசாக்கித் தருகிற இடம். முட்டி வெளுத்தால்தான் கடையில் விலை போகுமாம். அப்படிப் பழசாக்கி முடிக்கும்போது ஒவ்வொரு மிஷினிலிருந்தும் கருநீலத் தண்ணீர் கொட்டும். அதைத் தொட்டி தொட்டியாக விட்டுத் தெளிய வைத்து, கடைசியில் பில்டரில் வடிகட்டி, பின்பக்கக் கால்வாயில் விட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புதுச் சட்டம் வந்தது. தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர் ஒன்றைக் கடைசித் தொட்டியில் மாட்ட வேண்டும். அது கால் மணிக்கு ஒரு முறை தானே எண்ணை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆபீசுக்கு அனுப்பிவிடும். எந்த ஆலையின் எண்ணையும் யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்க்கலாம். எண் இருநூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நோட்டீஸ், அதற்குப் பிறகு பூட்டு. இது போதாதென்று, ஒவ்வொரு ஆலையும் 'பொறுப்பு அலுவலர்' என்று ஒருவரை நியமிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அண்ணன் கொஞ்சம்கூட யோசிக்காமல் தங்கையின் பெயரை எழுதினார். வெளியாளை எப்படி நம்புவது, நம் ரத்தமாக இருந்தால்தான் தனக்கு நிம்மதி என்றார். வாசல் பலகையில் தன் பெயர் ஏறிய அன்று பாப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. போட்டோ எடுத்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பில்டர் கிழிந்தது.

புதுப் பில்டர் பத்து நாளில் வந்துவிடும், அதுவரை மட்டும் சமாளி என்றார் அண்ணன். எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மீட்டரின் முனையைத் தொட்டியிலிருந்து தூக்கி, மீட்டர் அறையில் ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டாள். பத்து நாளில் பில்டர் வந்தது. ஆனால் அதை மாட்ட நாலு நாள் எல்லா மிஷினையும் நிறுத்த வேண்டும். வெளிநாட்டு ஆர்டர் கப்பலேறுகிற நேரத்தில் நாலு நாளுக்கு எங்கே போவது என்று அண்ணன் தலையைச் சொறிந்தார். இந்த ஆர்டர் போகட்டும் என்றார். அடுத்த ஆர்டர் வந்தது, அதுவும் போகட்டும் என்றார். பில்டர் பெட்டிகள் பிரிக்கப்படாமல் ஸ்டோர் ரூமில் தூசி குடித்துக்கொண்டிருந்தன. கால்வாய் நீலமாக ஓடியது. பாப்பா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இதுவரைக்கும் அவள் செய்தது ஊரில் யாரும் செய்யக்கூடிய தப்பு. இதற்கு மேல் செய்ததுதான் அவளால் மட்டுமே முடிகிற தப்பு.

வெறும் நல்ல தண்ணீரில் முனையை விட்டால் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், எவனும் நம்ப மாட்டான். ஆகவே நல்ல தண்ணீரில் கொஞ்சம் நீலத் தண்ணீரைக் கலக்க வேண்டும். தெளியாத தண்ணீரின் எண் தொள்ளாயிரம். ஐந்து லிட்டர் நீலம், பதினைந்து லிட்டர் நல்ல தண்ணீர் என்று கலந்திருந்தால் இருநூற்றுச் சொச்சம் காட்டியிருக்கும். ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் கலக்குகிறவள் யார்? பள்ளிக்கூடத்திலிருந்து முதல் மார்க் வாங்கியே பழகியவள். தன் பெயர் போட்ட அறிக்கையில் தட்டுத்தடுமாறி பாஸாகிற எண் இருப்பதை அவளால் சகிக்க முடியவில்லை. பதினெட்டு லிட்டருக்கு இரண்டு லிட்டர் என்று கணக்காகக் கலந்து தொண்ணூறுக்குக் கொண்டுவந்தாள். ஒரே எண்ணாக நின்றால் சந்தேகம் வரும் என்று திங்கட்கிழமை அரை டம்ளர் கூட்டினாள், வியாழக்கிழமை அரை டம்ளர் குறைத்தாள். பொய்யிலும் முதல் மார்க். அறிக்கையில் அழகாகக் கையெழுத்தும் போட்டாள்.

விளைவு, போன வாரம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நாட்டிலேயே மிகச் சுத்தமாகத் தண்ணீர் விடுகிற சலவை ஆலை இதுதானாம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி, பக்கத்து ஆலை முதலாளிகளை அழைத்துக்கொண்டு பார்க்க வருகிறாராம். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தக் கடிதத்தைக் காட்டினால் பச்சை முத்திரை கொடுத்து மூன்று வருட ஆர்டரைக் கையில் தந்துவிடுவான் என்று ஆபீசுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பாப்பா மீட்டர் அறைக்குப் போய் வாளியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கடைசித் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீலத்தை மட்டும் விட்டுவைத்து, லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். மீட்டர் முனை அன்று ஒரு நாள் மட்டும் தன் சொந்த இடத்துக்குப் போனது. பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். கூடவே பதினாலு முதலாளிகள். எல்லோரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். தரை தெரிந்தது. ஒருவர் இரண்டாம் முறையும் எட்டிப் பார்த்தார்.

அதிகாரி நல்ல மனிதர். இந்தத் தொழிலில் யாரையும் திட்டாமல் வேலை வாங்கிவிட முடியும் என்று நம்புகிற கொஞ்சப் பேரில் ஒருவர். தொட்டி ஓரமாக நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "ஒரு ஆலையால முடியுதுன்னா மத்தவங்களாலயும் முடியணும். இவங்க மூணு மாச எண்ணை வச்சுத்தான் புது விதிக்கு வரைவு தயாரிச்சிருக்கேன். அடுத்த மாசத்துலேருந்து இருநூத்தைம்பது கிடையாது, நூறு. ஆட்சேபம் இருந்தா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எழுத்துல அனுப்புங்க."

பதினாலு முகமும் வெளிறிப்போயின. பாப்பா பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் டம்ளரால் அளந்து ஊற்றிய எண் ஊருக்கெல்லாம் சட்டமாகப் போகிறது. ஒழுங்காகச் சுத்தம் செய்கிறவர்கள் அத்தனை பேரும் இருநூற்று முப்பது, இருநூற்று நாற்பது என்றுதான் நிற்கிறார்கள். அதற்குக் கீழே இந்த வகைத் தொட்டியில் யாராலும் இறக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும், அவள் படித்த படிப்பு அதுதான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் கண்ணாடிக்காரம்மா அவளைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தள்ளி ஆலை நடத்துகிறவர், கணவர் போன பிறகு தனியாகத் தூக்கி நிறுத்தியவர். சோடா பாட்டில் அடியைப் போலத் தடிமனான கண்ணாடி, அதனால் அந்தப் பெயர். கையில் சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்.

"தங்கச்சி, தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் எனக்கு இருநூத்து முப்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. நீ என்ன போடுற, எப்பப் போடுறன்னு சொல்லும்மா. அறுபது பேர் என்னை நம்பி இருக்காங்க."

எதுவும் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். தொழில் ரகசியம் என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அண்ணன் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதிகாரியும் காதைக் கொடுத்தார். பாப்பா வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டாள். சுண்ணாம்பைக் காலையில் மட்டும் போடாமல் மதியமும் சாயங்காலமும் அதே அளவு போட வேண்டும், காற்று ஊதுவதை இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டும் என்றாள். கண்ணாடிக்காரம்மா ஒவ்வொரு வார்த்தையாக எழுதி, அடியில் கோடு போட்டு, திருப்பி வாசித்துக் காட்டிச் சரிதானே என்று கேட்டார். அதிகாரி நல்ல யோசனை என்று தலையாட்டினார்.

அவர்கள் வண்டி ஏறிய பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவள் மண்டைக்குள் இறங்கியது. அந்தத் தொட்டிகளில் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டியவை. மூன்று பங்கு சுண்ணாம்பு விழுந்தால் ஒன்றுகூடப் பிழைக்காது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். என்ன காரணம் சொல்வது? அந்தம்மா எங்கே உடனே போய்ப் போடப்போகிறார், நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் போனை வைத்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

புதன்கிழமை மாலை முதல் அழைப்பு வந்தது. எண் இருநூற்று எழுபது ஆகியிருக்கிறதே, முதலில் ஏறிப் பிறகு இறங்குமா என்று கேட்டார் கண்ணாடிக்காரம்மா. பாப்பா என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. சுண்ணாம்பை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறது. வியாழக்கிழமை காலை மறுபடி. முந்நூற்று அறுபது. தண்ணீரில் நுரை கட்டி நாற்றம் அடிக்கிறது, தான் நேரம் தவறிப் போட்டுவிட்டோமோ, அளவு பார்க்கும்போது கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லையோ என்று அவர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு பேசினார். சாயங்காலம் மூன்றாவது அழைப்பு. நானூற்றுப் பத்து. அவருடைய மீட்டர் ஒழுங்காகத் தொட்டியிலேயே இருந்தது அல்லவா, அது எண்ணை அப்படியே அனுப்ப, வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் எண் இறங்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு.

வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லேபுக்குப் போனாள், வந்தாள். சோதனைக் குழாயைக் கழுவியதையே மறுபடி கழுவினாள். மிஷின் ஹாலில் நடந்தாள். ஜீன்ஸ் புரள்கிற சத்தம் நெஞ்சுக்குள்ளேயே கேட்பது போல இருந்தது. யாரோ லேப் அக்கா என்று கூப்பிட்டதற்குச் சும்மாவே கோபப்பட்டாள். செல்போனைப் பார்த்தாள். தொண்ணூறு. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. பகல் இரண்டு மணிக்கு அண்ணனின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வாரியத்துக்கு உண்மையை எழுதிவிடலாம், நாமே சொல்லிவிட்டால் தண்டனை குறையும், நாலு நாள் மிஷினை நிறுத்திப் பில்டரை மாட்டிவிடலாம், அந்தம்மா ஆலையும் பிழைக்கும் என்றாள். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். கோபப்படவே இல்லை. எழுந்து வந்து, சின்ன வயதில் செய்கிற மாதிரி அவள் தலையில் கை வைத்தார். நூறு என்று சட்டம் வந்தால் பாதிப் பேர் மூடிவிட்டுப் போவார்கள், அந்த வேலையெல்லாம் நமக்குத்தான் வரும், நமக்குத்தான் வாளி இருக்கிறதே என்றார். அவள் கையை விலக்கினாள். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

"கொஞ்சம் யோசி பாப்பா. நாளைக்குக் கேஸ்னு வந்தா யார் மேல வரும்? அறிக்கையில இருக்கிற கையெழுத்து என்னோடது இல்ல. உனக்காகத்தான் சொல்றேன்."

பன்னிரண்டு வருடமாக அண்ணன் சொன்ன எதையும் அவள் இரண்டாம் முறை யோசித்ததில்லை. இப்போது முதல் முறையாக யோசித்தாள்.

"இது தெரிஞ்சுதான் என் பேரைப் போட்டியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மேஜை மேலிருந்த பேப்பரை நேராக்கினார். "வக்கீல் சொன்னார். சொந்தத்துல யாராவது இருந்தா நல்லது, எதுன்னாலும் காட்டிக் கொடுக்க மாட்டாங்கன்னு."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவமானம்தான் வந்தது. வாசல் பலகையைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாளே, அதை நினைத்துக் காது மடல் சுட்டது. அண்ணன் கெட்டவரில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். அந்தப் படிப்பின் மேல்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறார். வெளியே வந்து மீட்டர் அறையைத் திறந்தாள். வாளியிலிருந்து முனையை எடுத்தாள். லாரித் தண்ணீர் போய், பழையபடி கருநீலம் நிறைந்திருந்த கடைசித் தொட்டிக்குள் அதை இறக்கி, இரண்டு திருகாணியையும் முறுக்கினாள். மூன்று மாதத்தில் முதல் முறையாகத் திருகாணி சரியாக இறுகியதா என்று பார்க்கிற அளவுக்கு நிதானம் இருந்தது.

மூன்றேகால். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

மூன்று இருபதுக்குப் போன் அடித்தது. அதிகாரி. மீட்டர் கெட்டுப்போய்விட்டதா, ஆளை அனுப்பட்டுமா என்று அக்கறையாகக் கேட்டார். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, மூன்று மாதமாகத் தண்ணீர்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று பாப்பா சொன்னாள். வாளியைப் பற்றிச் சொன்னாள், டம்ளர் கணக்கைச் சொன்னாள். கண்ணாடிக்காரம்மாவுக்குத் தான் சொன்ன சுண்ணாம்பு யோசனை பொய் என்றும் சொன்னாள். பிறகு அதிகாரியின் குரல் வந்தபோது அது வேறு ஆளின் குரல் மாதிரி இருந்தது.

"வரைவோட நகல் முன்னாடியே மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா. என் கையெழுத்தோட போயிருக்கு. மீட்டர் கெட்டுப்போச்சுன்னே எழுதிக்கிறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும்."

ஆக இவருக்கும் அதுதான் வேண்டும். நல்ல மனிதர் என்று நினைத்தாளே. ஒரு கணம் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கையெழுத்து, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"எழுதிக்கோங்க சார்," என்றாள். "கீழ என் கையெழுத்து இருக்காது."

போனை வைத்துவிட்டு லேபில் உட்கார்ந்து ஆட்சேபக் கடிதத்தை எழுதினாள். ஒன்றரைப் பக்கம். எந்தத் தேதியில் பில்டர் கிழிந்தது, எந்தத் தேதியில் வாளி வந்தது, ஒவ்வொரு நாளும் எத்தனை டம்ளர் என்று தன் லேப் நோட்டைப் பார்த்து எழுதினாள். அண்ணன் பெயரை எழுதலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் போராடினாள். எழுதினாள். வாரியத்துக்கு மட்டும் அனுப்பினால் மேஜை இழுப்பறைக்குள் போய்விடும் என்று அன்று வந்த பதினாலு முதலாளிகளுக்கும் சேர்த்து அனுப்பினாள். அப்போது மணி நாலு ஐம்பது. அண்ணன் வாசலில் வந்து நின்றது தெரிந்தது. அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் போனார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. நிறுத்தச் சொன்னது அண்ணனா, வாரியமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு போன். கேஸை நினைத்துக்கூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. நம்பரை அழுத்தி, வெட்டி, மறுபடி அழுத்தினாள்.

கடிதத்தைக் கண்ணாடிக்காரம்மா படித்திருந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். போடவில்லை. பின்னால் யாரோ மண்வெட்டியால் எதையோ வாரிக் கொட்டுகிற ஓசை கேட்டது. செத்த தொட்டியைக் காலி செய்கிறார்கள்.

"அப்ப அந்தத் தொண்ணூறு?"

"கிடையாதுக்கா. யாருக்கும் வராது. உங்களோட இருநூத்து முப்பதுதான் இருக்கிறதுலயே நல்ல எண்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரோ, அழுகிறாரோ, தெரியவில்லை.

"மூணு மாசமா," என்றார், "உன் எண்ணைப் பார்த்துட்டு, வேலை தெரியாதவன்னு என் தொட்டி ஆப்பரேட்டரை வேலையை விட்டு நிறுத்திட்டேன். இருபது வருஷமா என்கிட்ட இருந்தவர். அவருக்கு நீ போன் பண்ணிச் சொல்லு."

அவருடைய போன் நம்பரைச் சொன்னார். பாப்பா எழுதிக்கொண்டாள்.